குமிழிகள் கெட்ட வாரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டிலும் தெரியும், வேலை செய்த இடத்திலும் தெரியும். "நான் அப்படித்தான், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன்" என்று அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது சொல்வதில்லை. கேரள எல்லையோரத்து அமரவிளையில் வேலை பார்த்தபோது நடந்த ஒரு வாரம்தான் காரணம்.

நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடிக் கட்டிடம். கீழே டைல்ஸ் கடை, மேலே எங்கள் சின்ன ஆய்வுக்கூடம். அவர்கள் கீழே டைல்ஸ் அறுக்கத் தொடங்கினால் மேலே எங்கள் மைக்ராஸ்கோப் நடுங்கும். அங்கே மொத்தம் ஐந்து பேர். இடத்தை நடத்திய சார், இரண்டு பொறியாளர் பையன்கள், நான், பிறகு பாட்டில்களும் கண்ணாடிப் பாத்திரங்களும் கழுவித் தரும் ஒரு அக்கா. நாங்கள் செய்தது குமிழிகள். இதைச் சொன்னால் குன்னத்துகாலில் எங்கள் அண்டை வீட்டார் சிரிப்பார்கள். "இத்தர படிச்சது குமிழி ஊதவா பிள்ளே?" என்று ஒரு மாமி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

சோப்பு நுரையை நினைக்க வேண்டாம். எங்கள் குமிழி ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவைவிடச் சிறியது. உள்ளே வாயு, சுற்றிலும் கொழுப்பாலான மெல்லிய தோல். ஊசி வழியாக இதை ரத்தத்தில் செலுத்தி ஸ்கேன் எடுத்தால், இதயத்துக்குள் ரத்தம் போகும் வழி பளிச்சென்று தெரியும். ஒலி பட்டதும் குமிழி துடிக்கும். அந்தத் துடிப்பைத்தான் ஸ்கேன் கருவி பிடிக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு துடிப்பு. அளவு கலந்து கிடந்தால் பாதிக் குமிழிகளால் பயனில்லை. பெரியவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளவும் கூடும். அதனால் எல்லாம் ஒரே அளவில் வேண்டும். "ஏறக்குறைய" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதற்கென்று ஒரு சில்லு வைத்திருந்தோம். தீப்பெட்டி அளவுக் கண்ணாடியின்மேல் ஒட்டிய தெளிந்த சிலிக்கோன் ரப்பர். அதற்குள் வெறும் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள். நடு வாய்க்காலில் வாயு வரும். இரண்டு பக்கங்களிலிருந்தும் கொழுப்பு கலந்த நீர் வரும். மூன்றும் சேரும் இடத்தில் ஒரு குறுகிய கழுத்து. அங்கே நீர் இரண்டு பக்கமும் நெருக்கி, வாயுவைத் துண்டு துண்டாக நறுக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு குமிழி. வாயுவின் அழுத்தமும் நீரின் வேகமும் சரியாக அமைந்துவிட்டால் கம்ப்யூட்டர் திரையில் குமிழிகள் வரிசை பிசகாமல் வந்துகொண்டே இருக்கும். வெளியேறும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, தேன்கூடு மாதிரி அடுக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன மறந்த நாட்கள் எத்தனையோ. அப்படி மறந்தால் நினைப்பூட்ட ஒரே ஆள் அந்த அக்காதான். "சோறு தின்னுட்டு வந்து குமிழியப் பாரு மக்கா, அது எங்கயும் போவாது" என்பாள்.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். காரோட்டுக்காரி, கடற்கரைக் குடும்பம், எங்கள் பேச்சில் கடப்புறம். கணவரும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள். கடல் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்த சம்பளம் இவளுடையது மட்டும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அவள் வேலையைப் புதுப்பிப்பார். மற்ற மூன்று பேரும் மலையாளத்தில் பேசிக்கொள்ள, நானும் அவளும் மட்டும் எங்கள் ஊர்த் தமிழில் பேசிக்கொள்வோம்.

அந்த வாரம் குமிழிகள் கெட்டன. தொடங்கும்போது எல்லாம் அழகாக இருக்கும். பத்து நிமிடம் கழிந்ததும் ஒரு பெரியது வரும், பின்னாலேயே இரண்டு பொடியன்கள் வரும். வெளிவாசலில் இரண்டு குமிழிகள் முட்டி ஒன்றாகிவிடும். அதோடு இன்னொன்று சேரும். கொஞ்ச நேரத்தில் தேன்கூடு போய், கொதிக்கும் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அடுத்த வாரம் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்கு மாதிரி அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் விடாமல் ஒரே அளவில் செய்து காட்ட வேண்டும். எனக்கு உறக்கம் போயிற்று.

கொழுப்புக் கரைசலைப் புதிதாகக் கலந்தேன். வடிகட்டியை மாற்றினேன். வாயு சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன். கீழே போய் டைல்ஸ் அறுப்பவர்களிடம் சண்டை போட்டேன். அவர்கள் பாவம், ஒரு நாள் முழுக்க மெஷினை நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கும் குமிழி கெட்டது. புதுச் சில்லுகளை வார்த்தேன். தலைகீழாக நின்றாலும் பத்து நிமிடத்துக்குமேல் தாங்கவில்லை.

குமிழியின் தோலை உடைப்பது எதுவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிசுக்கு. எண்ணெய்ப் பசை ஒரு துளி பட்டால் போதும், நுரை நிற்காது. எங்கிருந்தோ பிசுக்கு வருகிறது. எங்கிருந்து? சில்லு என் கையால் வார்த்தது. கரைசல் என் கையால் கலந்தது. என் கைபடாமல் வந்தது கரைசல் நிரப்பும் பாட்டில்கள் மட்டும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம், சார் உட்பட எல்லோரும் திரையைச் சுற்றி நின்றபோது மறுபடியும் குமிழிகள் குழம்பின. அக்கா கழுவிய பாட்டில்களைத் தட்டில் அடுக்கி அப்போதுதான் எடுத்து வந்தாள். நான் திரும்பி நின்று சொன்னேன். "மீன் கழுவின கையோட வந்து பாட்டிலத் தொட்டா இப்படித்தான் இருக்கும். கடப்புறத்துல இருந்து வாறவங்களுக்குச் சுத்தம்னா என்னண்ணு தெரியுமா?"

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னது இதுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீன் இல்லாவிட்டால் எங்கள் வீட்டிலும் ஒருவருக்கும் சோறு இறங்காது. அதை வாங்கிக் கழுவுவதும் நாங்கள்தான். அது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

பையன்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா தட்டை மேசைமேல் வைத்தாள். "நான் கிளவுஸ் இட்டல்லா கழுவுகேன், மக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் தொட்டிப் பக்கம் போன பிறகு சார் தாழ்ந்த குரலில், "திங்கக்கிழம அவங்க தாள் முடியுது. அண்ணு ஒரு முடிவு எடுக்கலாம்" என்றார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. அலமாரியின் மேல்தட்டில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே என் போனைச் சாய்த்து, கழுவும் தொட்டி தெரிகிற மாதிரி வீடியோவை ஓடவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பனச்சமூடு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இன்றைக்கு மாட்டிக்கொண்டாய் என்று மனசுக்குள் சொல்லியபடியே ஓடவிட்டேன்.

அக்கா கையுறை போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு பாட்டிலையும் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை அலசுகிறாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். ஒன்று பிடிக்காமல் போய் மறுபடியும் கழுவுகிறாள். நான் பொறுமை இழந்து தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். எங்கும் அப்படியேதான் இருந்தது. தனுவச்சபுரம் தாண்டியபோது எரிச்சலோடு போனை அணைக்கப் போனேன். அப்போதுதான் படத்தின் முன்பக்கத்தில், ஓரமாக, ஒரு பெண்ணின் முதுகு தெரிவதைக் கவனித்தேன். நான்தான்.

சில்லில் குழாய்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். குழாயின் நுனியில் சின்ன எஃகு ஊசி ஒன்று இருக்கும், முனை மழுங்கியது. அதை ரப்பரில் துளைத்த ஓட்டைக்குள் செலுத்த வேண்டும். ஓட்டை ஊசியைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் ஒழுகும். அதனால் இறுக்கமாக இருக்கும், எளிதில் இறங்காது. படத்தில் என் வலது கை ஊசியோடு மேலே போகிறது. காதுக்குப் பின்னால் தலைமுடியில் ஒரு இழுப்பு. பிறகு கீழே வந்து சில்லில் செலுத்துகிறது. அடுத்த ஊசி. மறுபடியும் கை மேலே, தலைமுடியில் ஒரு இழுப்பு, கீழே. மூன்று ஊசி, மூன்று இழுப்பு. மதியம் சில்லு மாற்றினேன், அப்போதும் மூன்று.

எங்கள் பக்கத்தில் துணி தைக்கிற எந்தப் பெண்ணும் இதைச் செய்வாள். ஊசியைத் தலைமுடியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் எண்ணெய் பட்டு, கெட்டித் துணியிலும் சுகமாக இறங்கும். அம்மா செய்வாள், சித்தி செய்வாள், பள்ளிக்கூட நாளில் சட்டைக்குப் பொத்தான் தைத்தபோது நானும் செய்தேன். தலையில் வெளிச்செண்ணை, அதுதான் தேங்காயெண்ணெய், வைக்காமல் நான் வீட்டைவிட்டு இறங்கியதே கிடையாது. அம்மா துளசியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சித் தருவது, நல்ல கொழுத்த எண்ணெய். என் கை இப்படி ஒரு வேலை செய்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது. முன்பு பையன்களில் ஒருவன்தான் ஊசிகளைப் பொருத்துவான். அந்த வாரம் அவன் வேறு வேலைக்கு மாறியதால் நானே பொருத்தத் தொடங்கியிருந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டது நான். அதுவும் நானே வைத்த போனில்.

சனிக்கிழமை விடுமுறை. காலையிலேயே வீட்டு ஸ்கூட்டரில் போய்க் கூடத்தைத் திறந்தேன். ஊசிகளை ஸ்பிரிட்டில் கழுவினேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஓட்டையைச் சுத்த நீரால் நனைத்து, புதுச் சில்லில் பொருத்தினேன். பாட்டில்கள் அக்கா வெள்ளிக்கிழமை கழுவி வைத்தவையே. ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு குமிழிகூடப் பிசகவில்லை. பிறகு இன்னொரு சில்லு எடுத்து, ஊசியை வேண்டுமென்றே தலைமுடியில் இழுத்துப் பொருத்தினேன். பத்து நிமிடத்தில் கஞ்சி.

அங்கே ஒருவரும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சும்மா இருந்துவிடலாம் என்று யோசித்தேன். திங்கள்கிழமை குமிழி சரியாக வரும். எல்லோரும் கைகொடுப்பார்கள். வீடியோவை அழித்துவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. அக்காவின் தாள் புதுப்பிக்கப்படாது. அவள் போனதும் சரியாகிவிட்டது என்று என் பேச்சுக்கு வலுவும் கூடும். இதையெல்லாம் வரிசையாக யோசித்து முடித்தேன். பிறகு என்மேலேயே அருவருப்பு வந்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரோட்டுக்குப் போனேன்.

அக்கா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கறிக்குச் சீமைச்சக்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. "வா மக்கா, இரி" என்றாள். மருமகள் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடாமலே, "அக்கா, குமிழி கெட்டது உங்க கையால இல்ல. எனக்க தலையில உள்ள எண்ணெயாலயாக்கும்" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். போனை எடுத்துக் காட்டினேன். என் கை தலைக்குப் போவதைப் பார்த்தாள். பின்னால் அவளே பாட்டில் கழுவிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

"இது எப்பம் எடுத்தது?"

"நேத்து."

"எனக்கத் தொட்டிப் பக்கமா வச்சா?"

"ஆமா அக்கா."

"நான் களவாணியா மக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவள்போலக் கேட்டாள். நான் போனைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்து பேசினாள். "அண்ணு வீட்டுக்கு வந்து எனக்க கைய மோந்து பாத்தேன், கேட்டியா. மருமவளயும் மோந்து பாக்கச் சொன்னேன். சோப்பு மணமாக்கும் அடிச்சது. பின்னெயும் ரண்டு தடவ கழுவினேன். மீனு கழுவுகது இவளாக்கும். காலத்த வேலைக்கு வாறதுக்கு முன்ன நான் மீனத் தொடுகதே இல்ல. பாட்டிலு கழுவுக வேலையாச்சேண்ணு நானே விட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

"மாப்பெல்லாம் இங்க கேக்காண்டாம். இங்க வந்து நீ சொன்னது எனக்கும் இவளுக்கும் மட்டும்தான் கேட்டுது. அண்ணு எங்க வச்சு சொன்னியோ, ஆருக்க முன்ன வச்சு சொன்னியோ, அங்க வச்சு அந்தப் பேச்ச திருப்பி எடு. தாளு புதுக்கினா வேலைக்கு வாறேன். இல்லெங்கி வேற வேல பாக்கேன். வேலயில்ல பெரிசு. அந்தப் பேச்சாக்கும்."

"சொல்லுகேன் அக்கா" என்றேன்.

"செரி. சாயா ஆறுது, குடி."

திங்கள்கிழமை எல்லோரும் வந்ததும் பெரிய திரையில் வீடியோவைப் போட்டேன். அக்கா வாசல் பக்கம் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் முதலில் வீடியோவைக் காட்டிவிடுவது எளிதாகத் தோன்றியது. "கையப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். என் கை தலைக்குப் போனது. ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டாவது முறை போனது. ஒரு பையன் "ஐயோ, வெளிச்செண்ண!" என்று கத்தினான். மூன்றாவது முறை கை மேலே போனபோது அறையே சிரிப்பில் அதிர்ந்தது. சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம குமிழிக்கு எண்ணெ தேச்சுக் குளி நடத்தியிருக்கா!" என்றார். இன்னொருவன் மாதிரி அனுப்பும்போது கூடவே ஒரு குப்பி எண்ணெயும் அனுப்பலாம் என்றான். திட்டு விழும் என்று பயந்து நின்ற எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய ஆறுதலாக இருந்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

சார் சிரித்துக்கொண்டே தாளை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். அக்காவிடம் நீட்டி, "எல்லாம் சரியாச்சு. நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றார். பையன்கள் எழுந்து தங்கள் மேசைக்குப் போகத் தொடங்கினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்பதுகூட என் நினைவில் இல்லை.

அக்கா தாளை வாங்கி நாலாக மடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒனக்க தலையில இருந்து வந்ததுண்ணு தெரிஞ்சப்பம் எல்லாவரும் சிரிச்சிய. நல்லது. எனக்க கையில இருந்து வந்ததுண்ணு நினைச்சப்பம் ஒருத்தரும் சிரிக்கல்லியே, மக்கா?"

போனவர்கள் நின்றார்கள். சாரின் முகத்தில் சிரிப்பு பாதியில் அப்படியே இருந்தது. நான் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். வியாழக்கிழமை சொன்ன வார்த்தைகளை, மீன் கையையும் கடப்புறத்தையும் சுத்தத்தையும், ஒரு சொல் விடாமல் திரும்பச் சொன்னேன். சொன்னது பொய் என்றும், சொன்னது நான் என்றும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளத் தயாராக வைத்திருந்தேன். அதை மட்டும் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தைகளை நிதானமாக, கோபமே இல்லாமல் சொல்லிப் பார்த்தபோது, ஒன்றுகூட என் நாக்கில் தடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு, அவை அத்தனையும் எனக்கு மனப்பாடமாக இருந்தன.